அண்ணனுக்கு ஏற்றிய பிளாஸ்மாவும் மகனுக்குப் போட்ட ஊசியும்

வாசகர் கேள்வி: 2021 மே மாதம் என் அண்ணன் கொரோனா தொற்றுடன் மருத்துவமனையில் இருந்தார். காய்ச்சல் கண்ட பன்னிரண்டாம் நாள், ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்த நிலையில், பிளாஸ்மா ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நானும் கொரோனா வந்து தேறியவள் என்பதால் கொடுக்க முன்வந்தேன். இரண்டு பிள்ளைகள் பெற்றவள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் அலைந்து, முன்பின் அறியாத ஓர் இளைஞரிடமிருந்து பெற்று ஏற்றினோம். நான்காம் நாள் அண்ணன் இறந்துவிட்டார். அதே மாதம், பிளாஸ்மாவால் பயனில்லை என்று அரசு அதைக் கைவிட்டதாகச் செய்தி வந்தது. இப்போது சென்ற வாரம் என் ஒன்பது வயது மகனைத் தெருநாய் கடித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டதோடு, காயத்தைச் சுற்றி வேறோர் ஊசியும் போட்டார்கள். அதுவும் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்தான் என்றார் செவிலியர். அண்ணனுக்குப் பயன்படாதது மகனுக்கு எப்படிப் பயன்படும்? அன்று தாமதித்தது எங்கள் தவறா?
— ஒரு சகோதரி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறு உங்களுடையது அன்று. உங்களிடம் பிளாஸ்மா கேட்கப்பட்ட நாளிலேயே அதற்குரிய காலம் கடந்துவிட்டிருந்தது. நீங்கள் இரண்டு நாளில் தேடியதை இரண்டு மணி நேரத்தில் தேடிக் கொடுத்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று நான் கருதவில்லை. இரத்த மாற்று மருத்துவத்தில் பணிபுரிபவன் என்ற முறையிலும், அந்த இரண்டு ஆண்டுகளில் பிளாஸ்மா கேட்டு வந்த குடும்பங்களின் முகங்களை நேரில் பார்த்தவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால், உங்கள் மகனுக்குப் போட்ட ஊசி ஏன் அவசியமானது என்பதும் உடன் விளங்கிவிடும்.

இரத்தத்திலிருந்து சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகியவற்றை நீக்கினால் எஞ்சுகிற இளமஞ்சள் நிறத் திரவமே பிளாஸ்மா. நம் இரத்தத்தில் ஏறத்தாழப் பாதிக்கு மேல் இதுதான். ஒரு வைரஸ் உடலில் நுழைந்ததும், அதன் மேற்பரப்பின் வடிவத்துக்குப் பொருந்தும் புரதங்களை நம் வெள்ளணுக்களில் ஒரு வகை உண்டாக்கி இந்தத் திரவத்தில் கலக்கிறது. அவையே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்கள். வைரஸ் நம் செல்லுக்குள் நுழைவதற்கு அதன் மேலுள்ள ஒரு முளையைச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருத்தியாக வேண்டும். எதிர்ப்பொருள் அந்த முளையில் முன்கூட்டியே போய் ஒட்டிக்கொண்டால் வைரஸால் நுழைய முடியாது. ஒட்டப்பட்ட வைரஸை விழுங்கும் அணுக்களும் எளிதில் அடையாளம் கண்டு அழித்துவிடும். ஏற்கெனவே செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸை எதிர்ப்பொருள் பெரும்பாலும் எட்டுவதில்லை என்பதை இந்த இடத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். இனி நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சார்ந்தே இருக்கிறது.

ஒருவர் உடலில் உண்டான எதிர்ப்பொருள் இன்னொருவரைக் காக்கும் என்பது ஒரு தாய்க்குப் புதிய செய்தியன்று. மகனைச் சுமந்த கடைசி மாதங்களில் உங்கள் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாக அவனுக்குப் போயின. அவனாக அவற்றை உண்டாக்கவில்லை, உங்களிடமிருந்து பெற்றான். அதனால்தான் அவை மாதங்கள் செல்லச் செல்லத் தேய்ந்து மறைந்தன. தட்டம்மைத் தடுப்பூசியை ஒன்பது மாதம் வரை காத்திருந்து போடுவதற்கும் இதுவே காரணம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் மிகுந்திருக்கும்போது போட்டால், தடுப்பூசியிலுள்ள வலுக்குறைந்த வைரஸையே அது முடக்கிவிடும். இவ்வாறு பெற்ற எதிர்ப்பொருள் உடனே வேலை செய்யும், ஆனால் நிலைக்காது. ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகக் குறைந்துகொண்டே வரும். தடுப்பூசியின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. பலன் தரச் சில நாள் பிடிக்கும், தந்த பிறகு நெடுங்காலம் நிற்கும்.

இதை மருத்துவமாக முதலில் நிலைநாட்டியவர்கள் ஜெர்மனியில் பணியாற்றிய எமில் ஃபான் பேரிங்கும் ஜப்பானியரான கிடசாடோவும் ஆவர். தொண்டை அடைப்பான், இரணஜன்னி ஆகியவற்றின் நச்சுக்கு எதிராக ஒரு விலங்கில் உண்டான எதிர்ப்பொருள் இன்னொரு விலங்கைக் காக்கிறது என்று 1890-இல் காட்டினார்கள். 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பேரிங்குக்கு இதற்காகவே அளிக்கப்பட்டது. நம் ஊரில் பாம்பு கடித்தவருக்குப் போடும் விஷமுறி மருந்தும் இதே வழியில் வந்ததுதான். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தரும் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே அந்த மருந்து செய்யப்படுகிறது. விஷமுறியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதைத் தஞ்சாவூர் வயல்வெளியில் வாழும் எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. வைரஸ் நோய்க்கும் அந்த விதி அப்படியே பொருந்தும்.

அது எவ்வளவு துல்லியமாகப் பொருந்தும் என்பதை அர்ஜென்டினாவில் கண்டார்கள். அங்குள்ள பம்பா சமவெளியில் மக்காச்சோள அறுவடைக் காலத்தில் வயல் எலிகளிடமிருந்து உழவர்களுக்குப் பரவும் ஹூனின் வைரஸ், இரத்தக்கசிவுடன் கூடிய கொடிய காய்ச்சலை உண்டாக்கும். ஹூலியோ மைஸ்டெகுய் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், நோய் தொடங்கி எட்டு நாளுக்குள் வந்த நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு அந்நோயிலிருந்து தேறியவர்களின் பிளாஸ்மாவும், மற்றவர்களுக்குச் சாதாரண பிளாஸ்மாவும் ஏற்றப்பட்டன. எந்தப் பையில் எது இருக்கிறது என்பது சிகிச்சை அளித்தவர்களுக்கும் தெரியாது. 1979-இல் வெளியான அதன் முடிவின்படி, சாதாரண பிளாஸ்மா பெற்றவர்களில் 16.5 விழுக்காட்டினர் இறந்தனர். தேறியவர்களின் பிளாஸ்மா பெற்றவர்களில் இறந்தவர்கள் 1.1 விழுக்காட்டினர் மட்டுமே. ஒரு வைரஸ் நோயில் இத்தனை தெளிவான வேறுபாட்டைக் காட்டிய பிளாஸ்மா ஆய்வுகள் மிகச் சிலவே. பின்னாளில் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். இத்தனை மில்லிலிட்டர் என்று பிளாஸ்மாவை அளப்பதை விட்டுவிட்டு, வைரஸை முடக்கும் திறனை அலகுகளாக அளந்து, நோயாளியின் எடைக்கு ஏற்ப அத்தனை அலகுகள் என்று கொடுக்கத் தொடங்கினர். பையின் அளவு ஒன்றாகவே இருந்தாலும் அதிலுள்ள எதிர்ப்பொருளின் அளவு கொடையாளருக்குக் கொடையாளர் பன்மடங்கு வேறுபடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்ததே காரணம்.

கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் பிளாஸ்மாவின் மேல் நம்பிக்கை வைத்ததற்கு இத்தகைய வரலாறே அடிப்படை. அந்த நம்பிக்கையில் பிழையில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 2020 ஜூலையில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டபோது, நோயிலிருந்து மீண்ட எத்தனையோ பேர் தாமாக முன்வந்து கொடுத்தார்கள். ஆனால் எந்த இரண்டு நிபந்தனைகளில் இந்தச் சிகிச்சையின் உயிர் இருக்கிறதோ, அந்தக் காலமும் அளவுமே நடைமுறையில் முதலில் கைவிடப்பட்டன. இதைத்தான் என்னால் இன்றளவும் வருத்தமின்றி எழுத முடியவில்லை.

கொரோனா வைரஸ் மிக வேகமாகப் பெருகுவது முதல் வாரத்தில். இரண்டாம் வாரத்தில் நோயாளியின் உடலே எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது, வைரஸின் எண்ணிக்கையும் குறையத் தொடங்குகிறது. ஆயினும் சிலருக்கு மூச்சுத்திணறல் அப்போதுதான் முற்றுகிறது. அந்தக் கட்டத்தில் நுரையீரலைச் சிதைப்பது வைரஸின் பெருக்கத்தைவிட, அதை எதிர்த்துக் கட்டுமீறி எழுந்த உடலின் சொந்த அழற்சியே. அழற்சியை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளிடம் உயிரிழப்பைக் குறைத்ததும், அதே நோயாளிகளிடம் பிளாஸ்மா தோற்றதும் இதனால்தான். உங்கள் அண்ணன் பன்னிரண்டாம் நாளில், ஆக்சிஜன் உதவியில் இருந்தார். அவர் உடலில் அந்நேரம் அவருடைய எதிர்ப்பொருளே உண்டாகியிருக்க வாய்ப்பு மிகுதி. அந்த இளைஞரின் எதிர்ப்பொருள் போய்த் தடுக்க வேண்டிய வாசல் அதற்கு முந்தைய வாரத்திலேயே கடக்கப்பட்டுவிட்டது.

இது நானாகச் செய்யும் ஊகமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2020 அக்டோபரில் வெளியானது. பிளாஸ்மா பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. ஆய்வில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சேரும்போதே சொந்த எதிர்ப்பொருள் இருந்ததும், கொடையாளர்கள் பலரின் பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் குறைவாகவே இருந்ததும் அதில் தெரியவந்தன. பிரிட்டனில் 11,558 நோயாளிகளிடம் நடந்த ரிகவரி ஆய்விலும் இரு பிரிவிலும் 24 விழுக்காட்டினர் இறந்தனர். கண்மூடித்தனமாகப் பிளாஸ்மாவைப் பயன்படுத்த வேண்டாம் என்று நம் ஆராய்ச்சிக் கழகம் 2020 நவம்பரிலேயே அறிவுறுத்தியிருந்தது. 2021 ஏப்ரலில் வந்த தேசிய நெறிமுறை, நோய்க்குறி தோன்றி ஏழு நாளுக்குப் பின் பிளாஸ்மா கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. மே 17-ஆம் நாள் அது நெறிமுறையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது. ஆகவே, பன்னிரண்டாம் நாள் உங்கள் கையில் சீட்டை எழுதிக் கொடுத்து அலையவிட்டது முறையன்று. வேறு எதுவும் செய்ய இயலாத நிலையில் எதையாவது செய்ய வேண்டுமே என்ற தவிப்பில் மருத்துவர்கள் இருந்தார்கள் என்பதையும் அறிவேன். ஆனால் அந்தத் தவிப்பின் சுமையை நோயாளியின் குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்திருக்கக் கூடாது. இந்தக் குற்றவுணர்வை நீங்கள் ஐந்து நிமிடம்கூடச் சுமக்க வேண்டியதில்லை.

பிளாஸ்மா பயனற்றது என்று நீங்கள் படித்த செய்தியிலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பிந்திக் கொடுத்த பிளாஸ்மா பயனற்றது என்பதே சரி. அர்ஜென்டினாவில் முதியவர்கள் 160 பேரிடம், லேசான நோய்க்குறி தோன்றி 72 மணி நேரத்துக்குள், எதிர்ப்பொருள் மிகுந்த பிளாஸ்மாவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண உப்புநீர் பெற்றவர்களில் 31 விழுக்காட்டினருக்குக் கடுமையான மூச்சுப் பாதிப்பு வந்தது, பிளாஸ்மா பெற்றவர்களில் அது 16 விழுக்காடாகக் குறைந்தது. அமெரிக்காவில் மருத்துவமனையில் சேரும் முன்பே, ஒன்பது நாளுக்குள், வெளிநோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்விலும் மருத்துவமனையில் சேர நேர்ந்தோர் 6.3 விழுக்காட்டிலிருந்து 2.9 ஆகக் குறைந்தனர். நோய் லேசாக இருக்கும் முதல் மூன்று நாளில் எந்தக் குடும்பமும் பிளாஸ்மாவைத் தேடி ஓடாது, எந்த மருத்துவமனையும் கேட்காது என்பதுதான் இதிலுள்ள நடைமுறைச் சிக்கல்.

உங்களைத் திருப்பி அனுப்பியதைப் பற்றி நீங்கள் கேள்வியாகக் கேட்கவில்லை, ஆனால் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இரத்தத்தில் குறை இருந்ததால் அனுப்பவில்லை. கருவுற்ற பெண்ணின் உடல், குழந்தைக்குத் தந்தை வழி வந்த வெள்ளணு அடையாளங்களுக்கு எதிராகவும் எதிர்ப்பொருளை உண்டாக்கக் கூடும். அவை தாய்க்கு எந்தக் கேடும் செய்வதில்லை. ஆனால் பிளாஸ்மாவோடு இன்னொருவர் உடலில் சேரும்போது, அவருடைய வெள்ளணுக்களைத் தூண்டி நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும் அபாயம் சிறிதளவு உண்டு. ஏற்கெனவே நுரையீரல் நலிந்திருந்த ஒருவருக்கு அந்தச் சிறிய அபாயத்தையும் தவிர்க்கவே பிள்ளை பெற்ற பெண்களிடம் பிளாஸ்மா வாங்கவில்லை. இதை அன்றே யாராவது உங்களை உட்காரவைத்து இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

இனி உங்கள் மகனிடம் வருகிறேன். ரேபீஸ் வைரஸ் நாயின் உமிழ்நீரில் இருந்து கடித்த இடத்தின் தசைக்குள் இறங்குகிறது. அங்கே சில நாளோ சில வாரமோ தங்கிப் பெருகிய பின், நரம்பு முனையில் புகுந்து மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. நரம்புக்குள் புகுந்துவிட்டால் எதிர்ப்பொருளால் அதைத் தொட முடிவதில்லை. மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால் அநேகமாக மரணம் உறுதி, அப்போது எத்தனை எதிர்ப்பொருள் கொடுத்தாலும் பயன் இல்லை. ஆனால் கடிபட்ட அன்று வைரஸ் எங்கே இருக்கிறது என்பது கண்ணால் பார்த்தது போல நமக்குத் தெரியும். அது காயத்தில் இருக்கிறது. மற்ற வைரஸ் நோய்களில் அரிதாகவே கிடைக்கும் வாய்ப்பு இது. தடுப்பூசி போட்டு அவன் உடலே போதிய எதிர்ப்பொருளை உண்டாக்க ஏழு முதல் பதினான்கு நாள் வரை ஆகும். அந்த இடைவெளியில் காவல் நிற்கவே, வேறோர் உடலில் உருவாகித் தயாராக இருந்த எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளும் அதன் விளிம்பைச் சுற்றியும் செலுத்தினார்கள். உங்கள் அண்ணனுக்கு எது காலம் கடந்த பின் வந்ததோ, அது உங்கள் மகனுக்கு உரிய நேரத்தில், உரிய இடத்தில் கிடைத்திருக்கிறது.

இதன் பலனை உலகம் கண்டது ஈரானில். 1954-இல் சஹ்னே என்ற ஊருக்குள் புகுந்த வெறிபிடித்த ஓநாய் ஒன்று ஓரிரவில் 29 பேரைக் கடித்தது. அவர்களில் 18 பேருக்குத் தலையில் காயம். மூளைக்கு மிக அருகிலான காயம் என்பதால் தடுப்பூசி வேலை செய்யும் வரை காலம் இருக்காது. டெஹ்ரானில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தினர் அவர்களில் ஐவருக்குத் தடுப்பூசி மட்டும் போட்டார்கள், அதில் மூவர் இறந்தனர். எஞ்சிய 13 பேருக்குத் தடுப்பூசியோடு எதிர்ப்பொருள் சீரமும் கொடுத்தார்கள், அவர்களில் இறந்தவர் ஒருவரே. ஓநாயின் பல் மண்டையோட்டையே உடைத்துச் சென்ற ஒரு சிறுவன் பலமுறை சீரம் பெற்றுப் பிழைத்தான். தோல் கிழிந்து இரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது, எதிர்ப்பொருளும் வேண்டும் என்று உலகெங்கும் இன்று பின்பற்றப்படும் விதிக்கு அந்தக் கிராமத்தார் காட்டிய சான்றே வேராக அமைந்தது.

அண்ணனுக்கு ஏற்றிய பைக்கும் மகனுக்குப் போட்ட குப்பிக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. அந்தப் பை ஒரே மனிதரிடமிருந்து வந்தது, அதில் எவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தது என்பதைப் பெரும்பாலான இடங்களில் எவரும் அளக்கவில்லை. இந்தக் குப்பியில் இருப்பதோ, ரேபீஸ் தடுப்பூசி பெற்ற பல மனிதர்களின் பிளாஸ்மாவை ஒன்றுசேர்த்தோ, தடுப்பூசி போட்ட குதிரைகளின் பிளாஸ்மாவிலிருந்தோ பிரித்துத் தூய்மைசெய்து, வீரியத்தை அலகுகளில் அளந்து அடைத்த இம்யூனோகுளோபுலின். மனிதரிடமிருந்து எடுத்தது என்றால் கிலோ எடைக்கு 20 அலகு, குதிரையிடமிருந்து என்றால் 40 அலகு என்பது அளவு. உங்கள் மகன் 25 கிலோ என்றால் முறையே 500 அல்லது 1,000 அலகு வரை. ஹூனின் காய்ச்சலில் அர்ஜென்டினா மருத்துவர்கள் கற்றுக்கொண்ட பாடம் இந்தக் குப்பியின் மேல் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. மஞ்சள்காமாலை பி வைரஸ் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு போடப்படும் இம்யூனோகுளோபுலினும் இவ்வகையே. அங்கும் நாளைப் பார்ப்பதில்லை, மணியைத்தான் பார்க்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். அவனுக்குப் போட்டது குதிரையிலிருந்து எடுத்ததா, மனிதரிடமிருந்து எடுத்ததா என்று சீட்டில் பாருங்கள். குதிரையிலிருந்து எடுத்தது என்றால், ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு, அரிப்பு வரக்கூடும். இது பெரும்பாலும் மருந்தால் அடங்கிவிடும், ஆனாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அக்கம்பக்கத்தார் யாரேனும் இன்னும் ஒரு முறை அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமே என்று சொன்னால் கேட்க வேண்டாம். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்த பின் அது தேவையில்லை, அவன் உடல் உண்டாக்கும் சொந்த எதிர்ப்பொருளுக்கு அது இடைஞ்சலாகவும் ஆகலாம். வருங்காலத்தில் மீண்டும் கடி நேர்ந்தால், இப்போது தடுப்பூசியை முழுமையாக முடித்திருப்பவனுக்குத் தடுப்பூசி மட்டும் போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. ஆகவே சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்தக் கடியானாலும் முதல் வேலை, குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதே. சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்ட வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தடுப்பூசி போடப்படுகிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது முதல் மூன்று தவணை முடிந்திருக்கும், காயமும் ஆறியிருக்கும், பையன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பான். பலர் கடைசித் தவணையை மறப்பது இந்தக் கட்டத்தில்தான். செலுத்திய எதிர்ப்பொருள் தேய்ந்துகொண்டிருக்கும் அந்த வாரங்களில் அவனுடைய சொந்த எதிர்ப்பொருளை நிலைநிறுத்துவது அந்த ஊசி. 28-ஆம் நாள் என்றைக்கு வருகிறது என்று இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்று விடுமுறையாக இருந்தால், எந்த மருத்துவமனையில் போடுவார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.